கம்பெனி கடையை மூடினால் காருக்குப் பார்ட்ஸ் எங்கிருந்து வரும்?

கேள்வி: நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர். மாதம் ஒருமுறை சொந்த ஊர்ப் பயணம் உண்டு. வருடத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டினால் அதிகம். செலவெல்லாம் சேர்த்து 3 லட்சத்துக்குள் பழைய கார் ஒன்று வாங்க வேண்டும். நான்கு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஃபோர்டு ஃபிகோ 1.4 டீசல் (2012, 96,000 கி.மீ., 1.75 லட்சம், சென்னை வண்டி), செவர்லே பீட் டீசல் (2013, 1.35 லட்சம்), ஹூண்டாய் ஐ10 பெட்ரோல் (2013, 64,000 கி.மீ., 2.6 லட்சம்), மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் (2013, 1,08,000 கி.மீ., 3.25 லட்சம்). ஃபிகோவை ஓட்டிப் பார்த்தேன், மனதுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கம்பெனியே போய்விட்டதே, பார்ட்ஸ் கிடைக்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். புரோக்கர், "எல்லாம் கிடைக்கும் சார், எக்கோஸ்போர்ட் எத்தனை ஓடுது பாருங்க" என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்:

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓட்டத்துக்கும் ஊருக்கும் பொருந்துவது ஐ10, அதுவும் ஹூண்டாயின் 1.2 லிட்டர் 'கப்பா' இன்ஜின் உள்ளதாக இருந்தால். ஸ்விஃப்ட் விலை 2.75 லட்சத்துக்கு இறங்கினால் அதையும் யோசிக்கலாம். ஃபிகோ நல்ல வண்டிதான், உங்களுக்கு ஏற்ற வண்டி அல்ல. பீட் டீசல் வேண்டாம்.

உங்களைப் பயமுறுத்துகிறவர்களும் புரோக்கரும் சொல்வதில் பாதிதான் உண்மை. கார் கம்பெனி தன் வண்டிக்கான எல்லாப் பொருளையும் தானே செய்வதில்லை. பிரேக் பேட், ஷூ போன்றவற்றை பிரேக்ஸ் இந்தியா மாதிரி நிறுவனங்கள் செய்கின்றன. டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட் என்றால் ரானே. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் என்றால் லூகாஸ் டிவிஎஸ், பாஷ். கிளட்ச் என்றால் வேலியோ, லக். கார் கம்பெனி ஊரை விட்டுப் போனாலும் இவர்கள் போவதில்லை. ரோட்டில் வண்டி ஓடுகிறவரை தேய்ந்து தேய்ந்து மாற்றப்படும் பொருளுக்கு வியாபாரம் இருக்கும், அதனால் சரக்கும் இருக்கும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகும் ஃபிகோவுக்கு பிரேக் பேடும் ஆயில் ஃபில்டரும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

முதலில் அரிதாவது வேறு வகைச் சாமான்கள். ஹெட்லைட், பம்பர், முன் கண்ணாடி, கதவு பீடிங், டாஷ்போர்டு ஸ்விட்ச், வயரிங், இன்ஜின் கம்ப்யூட்டர், ரேடியேட்டரின் இருபக்கத் தொட்டி, ஏசி பைப் ஆகியவை அந்த ஒரு மாடலுக்கென்றே வார்க்கப்பட்டவை. அச்சு கார் கம்பெனியின் சொத்து. அது ஓடாவிட்டால் வெளியாள் ஒருவர் புதிய அச்சு போட்டு ஆயிரம் ஹெட்லைட் செய்ய முன்வருவது அரிது. ஒரு ஆட்டோ ரிவர்ஸில் வந்து உரசி ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் காது ஒன்று உடைந்தால் போதும், விளக்கு ஆடும், வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். காதை மட்டும் தனியாக யாரும் விற்பதில்லை, முழு ஹெட்லைட்தான் வாங்க வேண்டும். அது கடையில் இல்லையென்றால் சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்கு, கழற்றிய பொருளுக்காக ஆள் அனுப்ப வேண்டியதுதான். நாட்கணக்கில் வண்டியைத் திண்ணையோரம் நிறுத்த வைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சாமான்தான். இன்ஜின் பாகத்தால் அப்படி நிற்பது குறைவு.

அதனால் கம்பெனி இருக்கிறதா என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள். இந்த இன்ஜினும் இந்தச் சாமான்களும் இன்று வேறு எந்த வண்டியில் ஓடுகின்றன?

ஸ்விஃப்டின் 1.2 பெட்ரோல் இன்ஜின் கே12எம். இதே இன்ஜின் டிசையர், ரிட்ஸ், பலேனோ, இக்னிஸ், 2019க்குப் பிந்தைய வேகன்ஆர் 1.2 வரை வந்தது. டிசையர் டாக்ஸியாக ஓடாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. டாக்ஸி ஓடும் ஊரில் நள்ளிரவில் கூட லிங்க் ராடு கிடைக்கும். ஐ10இல் உள்ள கப்பா இன்ஜின் குடும்பம் கிராண்ட் ஐ10, ஐ20, எக்ஸென்ட், ஆரா, வென்யூ 1.2 என்று இன்றுவரை தொடர்கிறது. எல்லாப் பொருளும் அப்படியே பொருந்தாது, ஆனால் அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகள் ஏராளம். மெக்கானிக்குக்கு இன்ஜின் பழக்கமாக இருப்பதும் பார்ட்ஸ் கிடைப்பதில் ஒரு பகுதிதான்.

ஃபிகோவுக்கு வருவோம். உங்கள் புரோக்கர் சொன்ன எக்கோஸ்போர்ட் சமாதானம் இங்கே பொருந்தாது. 2012 ஃபிகோவில் இருப்பது 1.4 டீசல். அது பழைய ஃபியஸ்டா, ஐகான் டீசலில் வந்த இன்ஜின். எக்கோஸ்போர்ட், ஆஸ்பையர், 2015க்குப் பிந்தைய புது ஃபிகோ ஆகியவற்றின் டீசலில் இருப்பது 1.5. இரண்டும் வேறு. வண்டியின் அடித்தளமும் வேறு. எக்கோஸ்போர்ட் ஆயிரம் ஓடினாலும் உங்கள் வண்டிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஃபோர்டுதான் வேண்டும் என்று மனம் கேட்டால், 2016க்குப் பிந்தைய ஆஸ்பையரையோ புது ஃபிகோவையோ தேடுவது பார்ட்ஸ் கோணத்தில் புத்திசாலித்தனம். அவை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டலாம்.

பீட் டீசல் இதைவிடச் சிக்கலானது. 936 சி.சி., மூன்று சிலிண்டர். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் வழியில் வந்த இன்ஜின்தான், ஆனால் இந்த மூன்று சிலிண்டர் வடிவம் இந்தியாவில் வேறு எந்தக் காரிலும் வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது. 1.35 லட்சம் என்ற விலையே அதைச் சொல்கிறது. இந்த மாடலில் கிளட்ச் பெடல் லீவருக்காக 2015 டிசம்பரில் ஒரு பெரிய ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) வேறு நடந்தது.

இப்போது டீசல் கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100, டீசல் 92 என்று வைத்துக்கொள்வோம். 8,000 கி.மீ.க்கு லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் கார் சுமார் 533 லிட்டர் குடிக்கும், 53,300 ரூபாய். லிட்டருக்கு 20 கொடுக்கும் டீசல் கார் 400 லிட்டர், 36,800 ரூபாய். மிச்சம் வருடத்துக்கு 16,500. நல்ல தொகைதான். ஆனால் லட்சம் கி.மீ.யை நெருங்கும் காமன் ரெயில் டீசலில் (உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் வகை) நான்கு இன்ஜெக்டர், ஒரு ஹை பிரஷர் பம்ப், ஒரு டர்போ, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஒரு இ.ஜி.ஆர். வால்வு காத்திருக்கின்றன. புது இன்ஜெக்டர் ஒன்றே ஐந்திலக்கத் தொகை. இரண்டு போனால் இரண்டு வருட மிச்சம் போச்சு.

இதைவிட முக்கியம், உங்கள் ஆறு கிலோமீட்டர். டீசல் இன்ஜின் சரியான சூட்டுக்கு வருவதற்குள் பள்ளி வந்துவிடும். தினமும் பாதிச் சூட்டிலேயே ஓடி நிற்கும் டீசலில் கரி தங்கும். இ.ஜி.ஆர். வால்வும் காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டும் தார் பூசியதுபோல அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு புகை, இழுவைக் குறைவு, மைலேஜ் குறைவு என்று வரிசையாக வரும். நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு இதே ஃபிகோவை யோசிக்கச் சொல்லலாம். உங்களுக்கு அல்ல.

அப்படியும் ஃபிகோவை விட மனமில்லை என்றால் மூன்றைப் பாருங்கள். ஒன்று, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட். இந்த இன்ஜினில் செயின் கிடையாது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். ஹெட் பிரிக்க வேண்டியதுதான். வண்டிக்குப் பத்து வயது தாண்டிவிட்டதால், கி.மீ. என்னவாக இருந்தாலும், மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், அதே பெல்ட்டில் சுற்றும் வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே முறையில் மாற்ற வேண்டும். இரண்டு, இன்ஜெக்டர் அடிப்பக்கம். அங்கே கறுப்பாகக் கெட்டித் தார் படிந்திருந்தால் செப்பு வாஷர் கசிகிறது என்று பொருள். மூன்று, ரீகால். 2010 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை சென்னை ஆலையில் தயாரான ஃபிகோ, கிளாசிக் வண்டிகள் 1,66,021ஐ ஃபோர்டு 2013இல் திரும்ப அழைத்தது. பின்சக்கரங்களை இணைக்கும் ட்விஸ்ட் பீம், பவர் ஸ்டியரிங் ஹோஸ் இரண்டும்தான் காரணம். நீங்கள் பார்த்த வண்டி அந்தக் காலத்தில் தயாரானதா, வேலை முடிந்திருக்கிறதா என்பதைச் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஃபோர்டு சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலோர் செய்வதில்லை. ஆர்.சி.யிலிருந்து 17 எழுத்துச் சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு இரண்டு இடங்களுக்குப் போங்கள்: ஒன்று கம்பெனி பார்ட்ஸ் கவுண்டர், இன்னொன்று வெளியே உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடை. இடதுபக்க ஹெட்லைட், முன் கண்ணாடி, ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், கிளட்ச் செட், லோயர் ஆர்ம், பெட்ரோல் பம்ப் அல்லது இன்ஜெக்டர், பவர் விண்டோ ஸ்விட்ச், இன்னொரு சாவி ஆகிய ஒன்பதுக்கும் விலை கேளுங்கள். விலையோடு எத்தனை நாளில் வரும் என்பதையும் எழுதுங்கள்.

"ஆர்டர் போட்டா வந்துடும் சார்" என்ற பதிலை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். எங்கிருந்து வரும், எத்தனை நாள், வராவிட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்று மூன்றையும் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டிப் பார்த்து, "இது நிறுத்திட்டாங்க" என்றோ "ஸ்டாக் எங்கேயும் காட்டலை" என்றோ சொன்னால் அந்த வரியை வட்டம் போட்டு வையுங்கள். ஒன்பதில் இரண்டுக்கு மேல் வட்டம் விழுந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு இனித்தாலும். சாவியைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. இம்மொபிலைசர் (சாவியிலுள்ள சிப் பொருந்தினால்தான் ஸ்டார்ட் ஆகும் பூட்டு) உள்ள வண்டிக்கு ஒரே சாவிதான் இருந்து அதுவும் தொலைந்தால், புதுச் சாவியைப் பதிய அந்தக் கம்பெனி ஸ்கேனர் வேண்டும். சர்வீஸ் சென்டர் திருச்சியில் என்றால் வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் விற்பவரிடம் இரண்டு சாவியும் கேட்டு வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்கலாம். பழைய வண்டிக்கு ஜீரோ டெப் (பார்ட்ஸ் விலையில் தேய்மானம் கழிக்காத பாலிசி) பெரும்பாலும் தர மாட்டார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பொருட்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிட்டுத்தான் க்ளெய்ம் கொடுப்பார்கள். பத்து வயது தாண்டிய வண்டியில் தகடு வகைப் பாகங்களுக்கும் பாதிதான். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. பம்பரும் ஹெட்லைட்டும் போனால் பாதி உங்கள் கையிலிருந்து.

பழைய சாமான் வாங்கலாமா என்றால், கதவு, பானெட், சைடு மிரர், டெயில் லைட், சீட் எல்லாம் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் ஜாயிண்ட், ஏர்பேக், பெல்ட், கிளட்ச் பிளேட், ரேடியேட்டர் எதையும் கழற்றிய பொருளாக வாங்காதீர்கள்.

இனி ஐ10. முதலில் இன்ஜின் எது என்று பாருங்கள். 2013இல் 1.1, 1.2 இரண்டுமே விற்றன. ஆர்.சி.யில் சி.சி. 1086 என்று இருந்தால் 1.1. அதில் டைமிங் பெல்ட். 1197 என்று இருந்தால் கப்பா, அதில் செயின். 1.1 மோசமில்லை. ஆனால் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இந்த வண்டியில் அடிக்கடி வரும் ஒரு தொல்லை ஸ்டியரிங்கில். வண்டி நின்ற நிலையில் இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக விரற்கடை அளவு சட்டென்று ஆட்டுங்கள். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து "டக் டக்" என்று சத்தம் வந்தால், பலர் ஸ்டியரிங் ராக் போச்சு என்பார்கள். சிலர் முழு ஸ்டியரிங் தண்டையே (ஸ்டியரிங் காலம்) மாற்றச் சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தண்டில் பொருத்திய எலெக்ட்ரிக் மோட்டாருக்கும் அதன் வோர்ம் ஷாஃப்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன ரப்பர் கப்ளிங்கை. பூ மாதிரி இதழ்கள் உள்ள, உள்ளங்கையில் அடங்கும் துண்டு அது. வருடங்கள் ஆகும்போது இதழ்கள் பொடிந்து, இரண்டு இரும்பும் ஒன்றோடொன்று தட்டும். பொருளுக்கு விலை சொற்பம். தண்டைக் கழற்றி மோட்டாரைப் பிரிக்கும் கூலிதான் செலவு. கப்ளிங்கைப் பிரித்துப் பார்க்காமல் தண்டை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். சத்தம் இருந்தால் வண்டியை ஒதுக்க வேண்டாம், விலை குறைக்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, நான் வந்து பண்ணிக்கிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்பே ஓட்டியிருக்கலாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பச்சையோ சிவப்போ கூலன்ட் இருக்க வேண்டும். துருத் தண்ணீரோ எண்ணெய்ப் படலமோ இருக்கக் கூடாது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி வெளுத்த பிசின் இருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று விநாடிக்குள் செயின் சத்தம் அடங்க வேண்டும். தொடர்ந்து கரகரத்தால் ஆயில் காலத்தில் மாற்றப்படாத இன்ஜின். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்தால் இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட்டுக்கும் 14.5 வோல்ட்டுக்கும் நடுவே காட்ட வேண்டும்.

பிறகு ஓட்டுங்கள். காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல வட்டமடித்தால் "கட கட" சத்தம் வருவது ஆக்ஸில் ஜாயிண்ட். மூன்றாவது கியரில் மேம்பாலம் ஏறும்போது முழுக்க மிதித்தால் ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. ஏசியை நண்பகல் வெயிலில் நின்றபடி பத்து நிமிடம் ஓடவிட்டு, டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ரேடியேட்டர் ஃபேனின் குறை அப்போதுதான் வெளிவரும்.

64,000 கி.மீ. என்பதை மீட்டரை வைத்து நம்பாதீர்கள். பதிவு எண்ணைச் சொன்னால் ஹூண்டாய் சர்வீஸ் சென்டரில் பழைய வருகைகளும் அப்போதைய கி.மீ.யும் தெரியவரும். உரிமையாளரோடு போனால் எளிதாகச் சொல்வார்கள். கிளட்ச் பெடல் ரப்பர், கியர் குமிழ், ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்க ஓரம் மூன்றும் மழமழவென்று தேய்ந்திருந்தால் 64,000 என்பது பொய். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஸ்டெப்னி டயர் 2013ஆம் ஆண்டினதாக இருந்து மற்ற நான்கும் இரண்டு முறை மாறியிருந்தால் அதுவும் கதை சொல்லும்.

சென்னை வண்டிகளில் இன்னொரு சோதனை வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்களுக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் மண் நிறக் கோடு இருக்கும். சீட் ரெயில் போல்ட் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், தரைவிரிப்பைத் தூக்கினால் வரும் புழுங்கல் வாடை இவற்றில் இரண்டு சேர்ந்தாலே வேண்டாம். வயரிங் கனெக்டருக்குள் போன தண்ணீர் வருடங்கள் கழித்தும் தொல்லை கொடுக்கும்.

ஸ்விஃப்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. 1,08,000 கி.மீ. அந்த இன்ஜினுக்குப் பெரிதல்ல. டாக்ஸியாக ஓடி வெள்ளைப் போர்டுக்கு மாறிய வண்டியா என்று மட்டும் ஆர்.சி. வரலாற்றில் பாருங்கள். கிளட்ச், லோயர் ஆர்ம் புஷ், முன் ஸ்ட்ரட் மவுண்ட் மூன்றும் மாற்றப்படவில்லை என்றால் விரைவில் மாற்ற வேண்டிவரும். அதற்காகத்தான் 2.75 என்றேன். இன்னொன்று, அதிகம் விற்கும் வண்டிக்குத்தான் போலி பார்ட்ஸும் அதிகம். ஃபில்டரும் பிரேக் பேடும் பில் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

எந்தப் பெட்ரோல் வண்டியை வாங்கினாலும், இப்போது பம்புகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2013 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் ஹோஸ்களை மெக்கானிக்கை வைத்துத் தடவிப் பார்த்து, விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும், அதை வண்டிக் கோளாறு என்று நினைத்து அலைய வேண்டாம்.

காகித விஷயம். பதிவு 15 வருடத்துக்கு. 2012 ஃபிகோவுக்கு 2027இல் முடிகிறது. 2013 வண்டிகளுக்கு 2028இல். அதன் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கப்பட்டது. பசுமை வரி, டிங்கரிங், பெயிண்ட் செலவு தனி. இதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால் படிவம் 35உம் வங்கியின் என்.ஓ.சி.யும் கையில் வந்த பிறகுதான் முழுப் பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் முன்னால் கையெழுத்துப் போடட்டும். வெற்றுப் படிவத்தில் முன்பே போட்டு வைத்த கையெழுத்தை ஏற்க வேண்டாம்.

ஐ10க்கு 2.4 லட்சத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். 2.5 வரை போகலாம். மீதி ஐம்பதாயிரத்தில் இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் போக 30,000மாவது தனியாக நிற்க வேண்டும். வாங்கிய முதல் வாரமே ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் நான்கு, கூலன்ட், பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட் அனைத்தையும் மாற்றி, தேதியையும் கி.மீ.யையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி டாஷ்போர்டு டிராயரில் போட்டு வையுங்கள். டயர் ஆறு வயதைத் தாண்டியிருந்தால் சொந்த ஊர்ப் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். அந்த 30,000த்தில் பெரும் பங்கு அதற்கே போகும்.